சிரில் கலக்கிய டிப்

என் அண்ணன் சிரில் வாதனுக்கு மூக்கு செத்துப்போன விஷயம் எங்கள் கோயில் பங்கில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் கூடப் பிறந்தவள், அதே சாலையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். என்னிடம் மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. இந்த டெல்லாவிடம் சொன்னால் பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று பயந்தார்களாம். ஊருக்கே தெரிந்த விஷயத்தை நான் யாரிடம் போய்ப் பரப்புவது?

அண்ணன் சாலைத் துறையில் புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறார். ஓவன்ஸ்பரோவிலிருந்து ஆற்றோரமாகப் போகும் சாலையில், வெயில் காலம் முழுக்க, ஆமை வேகத்தில் போகும் ஒரு வண்டிக்குப் பின்னால் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால், அது அவர்தான். பேச்சு குறைவு. யாரும் அவரை எதற்கும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதில்லை. ஜூலை மாதம் பங்கு விருந்து நடக்கும் சனிக்கிழமை மட்டும் அவர் பெரிய ஆள். அன்று கோயில் பின்புறத்து நீள அடுப்பில் ஹிக்கரி விறகுப் புகையில் ஆட்டிறைச்சி வேகும். அதன்மேல் பூசுகிற கறுப்புச் சாற்றை வெளியூர்க்காரன் சாஸ் என்பான், நாங்கள் டிப் என்போம். எங்கள் பங்குக்கு அதைக் கலக்குகிறவர் அண்ணன்.

எந்தக் கறிக்கு எது என்பதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பன்றித் தோளுக்குத் தக்காளியும் சர்க்கரையும் போட்ட கெட்டிச் சாஸ் இருக்கலாம், ஆனால் இறக்கும் நேரத்தில்தான் பூச வேண்டும். முன்னாலேயே பூசினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். கோழிக்குப் புளிப்பைக் குறைக்க வேண்டும். கிழட்டு ஆட்டுக்கு மட்டும் இனிப்பைக் காட்டவே கூடாது. அதன் கொழுப்பையும் கவிச்சியையும் அறுக்க வினிகர், வூஸ்டர் சாஸ், எலுமிச்சை, உப்பு, கையால் கொரகொரப்பாக இடித்த மிளகு. தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய தரை துடைக்கும் மாப்பை அதில் முக்கி, கறி காயக் காயப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அளவெல்லாம் கிடையாது. பானைமேல் குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான். யாராவது மேசையில் பாட்டில் சாஸ் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பார். "கெட்சப்புல முக்கித் திங்கறதுக்கு ஆடு எதுக்குய்யா? உன் செருப்பே போதுமே."

சில வருஷத்துக்கு முன்னால் அண்ணன் புகையிலைக் கொட்டகையில் இலையைக் காயக் கட்ட ஏறி, மேல் கம்பிலிருந்து தவறி விழுந்தார். பின்மண்டையில் அடி. பிழைத்து வந்துவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் கர்த்தருக்கு நன்றி சொன்னோம். வீட்டுக்கு வந்த அன்று காப்பிக் கோப்பையை எடுத்தவருக்கு வாசனையே தெரியவில்லை. எரிந்த ரொட்டியும் தெரியவில்லை. வாயில் வைத்தால் நாக்குக்கும் ருசி தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மனைவி லோரெட்டாவிடம் மட்டும் சொன்னார்.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். இனிமே நீதான் எனக்கு மூக்கு. பால் திரிஞ்சிருந்தா சொல்லு, என் சட்டை நாறினா சொல்லு. வெளிய ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் இருக்கேன்ல" என்றாளாம் அவள்.

லோரெட்டா என்னோடு பள்ளியில் படித்தவள். அண்ணி என்று ஒரு நாளும் நான் கூப்பிட்டதில்லை. கெட்டவள் இல்லை. யார் முகமும் வாடுவதைப் பார்க்கச் சகிக்காதவள். அது ஒரு நோய் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அடுத்து வந்த விருந்துக்கு முந்தின நாள் அண்ணன் டிப் கலக்கி, கரண்டியில் எடுத்து அவளிடம் நீட்டியிருக்கிறார். உப்பு தூக்கல் என்றாள். கொட்டிவிட்டு மறுபடி கலக்கினார். வினிகர் தூக்கல் என்றாள். இன்னொரு தரம் கலக்கினார். அதற்கும் அவள் முகம் சுளித்ததைப் பார்த்தவர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள்: "இப்ப சரியா இருக்கு சிரில். பழையபடியே இருக்கு."

சொல்லிவிட்டு, அடுப்புக் குழுவின் தலைவன் கில்பர்ட் ரோபியைத் தேடிப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சனிக்கிழமை அண்ணன் காலைப் பூசைக்குப் போவார்; அந்த நேரத்தில் குழுக்காரர்கள் அவர் பானையைப் பின்பக்கம் கவிழ்த்துவிட்டு, லோரெட்டா தானே கலக்கி ஒளித்துக் கொண்டுவந்த டிப்பை அதில் நிரப்பி வைப்பார்கள். அவர் வந்து மாப்பை முக்கிப் பூசுவார். சாயங்காலம் வரிசையாக வந்து முதுகில் தட்டுவார்கள். "சிரில், இந்த வருஷம் அசத்திட்டடா." அவர் தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் செய்தார்கள்.

இந்த ஜூலையில் பூசை முடிந்து வந்தவர், அடுப்பு மந்தமாக இருக்கிறதென்று விறகு எடுக்க அடுப்புக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே பாய் அகலத்துக்குப் புல் செத்துக் கிடந்தது. நடுவில் மண் ஈரமாக இருந்தது. எண்ணெய் சிந்திச் சாகிற புல் எப்படியிருக்கும், வினிகரும் உப்பும் பட்டுச் சாகிற புல் எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈர மண்ணைக் கிள்ளி எடுத்தார். விரலில் இடித்த மிளகு ஒட்டியிருந்தது.

உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு நான் அந்தப் பக்கம் வந்தபோது அவர் கில்பர்ட் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"பின்னாடி என்னத்த ஊத்துறீங்க?"

"ஐஸ் உருகின தண்ணிடா. வேறென்ன?"

"ஐஸ் தண்ணியில மிளகு எப்ப இருந்து போடுறீங்க?"

கில்பர்ட் தன் பூட்ஸைப் பார்த்தான். எவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுத்தான் தெரியுமா? "என்னைக் கேக்காத சிரில். லோரெட்டாவக் கேளு."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் விரலைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"எப்ப இருந்து?" என்றார் அண்ணன்.

"நீ விழுந்ததுல இருந்து."

"ஒவ்வொரு வருஷமும் உன்கிட்ட கேட்டேனே, சரியா இருக்கான்னு."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

"நான் உள்ள முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தப்பவா ஊத்துனீங்க?"

குழுவிலிருந்த ஒருவன், "உன் நல்லதுக்குத்தானப்பா" என்று இழுத்தான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நல்லது பண்றவன் எதுக்குடா ஒளிஞ்சு பண்ணணும்? உப்பு ஜாஸ்தின்னு சொல்ல ஒருத்தனுக்குக்கூட நாக்கு இல்லையா? இத்தனை பேர் சேந்து ஒரு மனுஷன பொம்மையாக்கி வெச்சிருக்கீங்களே" என்று கத்தினேன். சாலட்டைக் கீழே வைக்கவும் மறந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தார். வாசலில் சாப்பாட்டுக்கு நின்றிருந்த ஒரு அம்மா, "உங்க டிப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வர்றோம்" என்றாள். "அது என்னோடது இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். காலையில் பால் ஜாடியை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நல்லதென்றால் நல்லது, திரிந்ததென்றால் திரிந்தது என்பேன். சட்டையைக் காட்டுவார். "நாறுது, கழட்டு" என்பேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நடந்து முடிந்ததுதான் அவரை அரித்தது. ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னார்: "கோயில்ல என் பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் எப்படித் தாங்கினாங்களோ. அவகிட்ட கேட்டுட்டுத்தான் தினமும் சட்டை போட்டேன். எது நெசம்னு இப்ப எப்படித் தெரியும்?" அவளை நினைத்து ஆத்திரமாக வந்தது.

போன வாரம் என் அடுப்பில் டிப் கலக்கினார். மிளகைத் தானே இடித்தார். கரண்டியை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தூக்கி ஊத்து அண்ணே. பேட்டரித் தண்ணி மாதிரி இருக்கு."

"எது தப்பு?"

"வினிகர். உப்பும்தான். மிளகு மட்டும் சரி."

தலையாட்டினார். கோபமில்லை. நான் ஊற்றப் போனபோது தடுத்து, ஒரு ஜாடியில் நிரப்பி மூடி வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லோரெட்டா வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். மேசை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "வீடு வீடாவே இல்ல சிரில். வந்துரு. இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். நம்ம பிள்ளைங்க மேல சத்தியம்."

எனக்கே மனம் இளகிவிட்டது. அண்ணனுக்கும் இளகியிருக்க வேண்டும், அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அந்த ஜாடியைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினார்.

"நான் கலக்கினது. எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் வாயில் வைத்தாள். முகம் ஒரு கணம் சுளித்து நேரானதை நான் பார்த்தேன். நன்றாக இல்லை என்று சொல்லித் தொலையேன்டி, அவர் இப்போதே உன்னோடு கிளம்பிவிடுவார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் விழுங்கினாள். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு சிரில்" என்றாள். "பழையபடியே இருக்கு."

அண்ணன் ஸ்பூனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"டெல்லா, என் துணி கொஞ்சம் அந்த வீட்ல கிடக்கு" என்றார் என்னிடம். "சாயங்காலம் போய் எடுத்துட்டு வந்துரு."