வேறொருவர் ஆட்டத்துக்குப் போன என் அழுகை

பிரபலங்கள் ஜோடி சேர்ந்து ஆடும் அந்த டிவி போட்டியை நான் ஒரு வாரமும் விட்டதில்லை. ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு வீடு. என் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அந்த நேரத்தில் பெரும்பாலும் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் நின்றிருப்பார்.

சீரியல்களில் மாமியாராக வரும் நடிகை ஒருவர்தான் என் ஆள். என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவர். கனத்த உடம்பு. எதிர்வீட்டுக்காரியின் ஆள் ஓர் இளம் காமெடி நடிகர்.

“இன்னாக்கா உங்காளு, தேரு திரும்பற மாதிரி திரும்புது” என்பாள்.

“தேரு திரும்பும்போதுதான்டி ஊரே பாக்குது” என்பேன்.

நான் வேலை செய்யும் எர்ணாவூர் கம்பெனி கேண்டீனில் ஒருத்தி, படப்பிடிப்புகளுக்குப் பார்வையாளர்களை அழைத்துப் போவாள். ஒரு முறை இந்தப் போட்டியின் படப்பிடிப்புக்கு நானும் அவளோடு வேனில் போனேன். எதிர்வீட்டுக்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல். அவளால் வர முடியவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன்பே எங்கள் கைதட்டலைத் தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். “இப்ப சிரிங்க. இப்ப ஷாக் ஆவுங்க” என்று ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்லச் செய்தோம்.

அன்று, ஜோடியாகச் சுழன்று ஆடும் வால்ட்ஸ் நடனச் சுற்று. என் நடிகை கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஏதோ கோளாறு; பாட்டு முதல் முறை பாதியிலும், இரண்டாவது முறை முடியப்போகும் நேரத்திலும் நின்றது. மூன்றாவது முறை அவர் நடுவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. கேமரா என் பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை.

இடைவேளையில் பாத்ரூமுக்குப் போகும் வழியில், ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“நல்லா ஆடுனீங்கம்மா” என்றேன்.

“எந்தத் தடவ?”

“மூணாவது.”

“அத மட்டும் போட மாட்டாங்க பாருங்க” என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒளிபரப்பானது. அவர் சொன்னதுதான் நடந்தது. முதல் இரண்டு முறை ஆடியதை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதில் நான் இல்லை. அடுத்து காமெடி நடிகர் தன் இறந்துபோன அப்பாவை நினைத்து ஆடினார். நடுவில் திரை முழுக்க என் முகம், கண்ணீரோடு, ஸ்லோமோஷனில்.

எதிர்வீட்டுக்காரி குதித்து எழுந்தாள். “யக்கா! எங்காளுக்கா இப்டி அழுதுகினு கீற?”

“இல்லடி, அது அந்தம்மா ஆடுனப்ப அழுதது.”

“சும்மா கத உடாதக்கா. அதான் டிவிலயே காட்டறானே.”

லாரியில் உட்கார்ந்தபடி போனில் பார்த்துவிட்டுக் கணவரும் கூப்பிட்டார். “இன்னாமே, எங்கப்பா செத்தப்ப கூட நீ இப்டி அழுவலியே!”

கேண்டீனில் நான்கு நாள் விளக்கம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

அந்தச் சுற்றின் முடிவு மறு வாரம் வந்தது; என் நடிகை வெளியேற்றப்பட்டார். முடிவு அறிவித்தபோது எதிர்வீட்டுக்காரி கிண்டல் எதுவும் செய்யவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் அடுப்படிக்குள் போய் அவளே டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறும் ஆறரைக்கு வந்தாள். டாங்கோ சுற்று. காமெடி நடிகர் பரவாயில்லாமல் ஆடினார். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.