கறுப்பில் படாத துப்பாக்கி

தீக்குச்சியைக் கிழித்ததும் ஒரு கணம் மூக்கில் ஏறுமே, அந்த வாசனைதான் முதலில் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தீக்குச்சி என்றொரு பொருள் இருந்ததையே நாங்கள் மறந்துவிட்டோம். அடுப்பில் தணலைச் சாம்பலால் மூடி வைப்போம், அணைந்துபோனால் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவோம். அதனால், மலாய் நாட்டில் பெக்கோக் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' மைதானத்தில் அந்த வாசனை பரவியபோது, யாரோ தீப்பெட்டி கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் ஒன்பது வயதுப் பெண்ணான எனக்குத் தோன்றியது. அது துப்பாக்கிப் புகை என்று அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தியபோதுதான் புரிந்தது. அன்று எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணி. வெள்ளைக்கார துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய பிறகு, கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் அவரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் தம்பி கதிரேசன் மாமாவும் எங்களோடுதான் இருந்தார். சண்டைக்கு முன்பு அவர் வெள்ளைக்காரர்கள் சேர்த்த தொண்டர் படையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்குப் போவார். ஜப்பான்காரன் வந்த வாரத்திலேயே அந்த உடுப்பை அம்மா அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். 'தொண்டர் படை' என்ற சொல் வாயில் வரவே கூடாது என்று எனக்கு உத்தரவு. அப்படி இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு இருந்தது.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் லாரியில் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அடுத்த லாரியில் மாமாவின் பெயரும், எங்களுக்கு எதிரே லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்த பால் மரம் வெட்டும் ராமசாமி அண்ணனின் பெயரும் இருப்பதாக அப்பா ஆபீசிலிருந்து தெரிந்துகொண்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை மேற்பார்த்த ஜப்பான் அதிகாரி, எங்கள் பேச்சில் 'கண்ணாடித் துரை', ஒரு சேதி சொல்லி அனுப்பினார். போலீஸ் நிலையத்தில் மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளிலிருந்து சுண்டுவிரல் அளவுத் தோட்டா போடும் மூன்று சின்னத் துப்பாக்கிகளை அவர் எடுத்து வந்திருக்கிறார். குறிப்பலகையில் சுட்டுப் பழகுவது அவருக்குப் பிரியமான பொழுதுபோக்காம். மூன்றில் எது நேராகச் சுடும் என்று பொறுக்கித் தரும் ஆள், தோட்டத்திலேயே தங்கி மரவள்ளிக் கொல்லையை அணிலிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் காவல் காக்கலாம். சயாம் போக வேண்டாம்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. மாமா கையில் துப்பாக்கியை வாங்கியதுமே பழக்கம் காட்டிக் கொடுத்துவிடும், அப்புறம் சயாம் இல்லை, நேராகச் சிறைதான், அதனால் தெரியாதவன் போலச் சுட வேண்டும் என்றார் அப்பா. தெரியாதவன் போலச் சுட்டால் லாரியில் ஏற்றிவிடுவார்களே என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அம்மா தவறவிடச் சொல்கிறாள், அப்பா சரியாகச் சுடச் சொல்கிறார். மாமா சுவரில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க, அதையே செய்றேன்" என்றார். சாமி படத்தின் முன்னால் நின்றபோது, குறி பட வேண்டும் என்று கும்பிடுவதா, படக்கூடாது என்று கும்பிடுவதா என்று தெரியாமல் நான் வெறுமனே கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மேசைமேல் மூன்று துப்பாக்கிகள். ஒன்றின் தோளில் அணைக்கும் மரக்கட்டை மெருகு ஏற்றிய மேசைபோல மின்னியது. இன்னொன்றில் ஒரே தடவையில் பல தோட்டாக்களைப் போட்டுவிட்டு வரிசையாகச் சுடலாம். பையன்கள் அதைத்தான் வெறித்துப் பார்த்தார்கள். மூன்றாவதின் குழல் தடித்துக் கனமாக இருந்தது. கட்டை வெடித்து, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. எதிரே பலா மரத்தில் ஒரு பலகையை அடித்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு காகிதம் ஒட்டி, நடுவில் கரியால் கறுப்பு வட்டம் போட்டிருந்தார்கள். சுட்டுப் பார்க்க முன்வந்தவர்கள் ராமசாமி அண்ணனும் மாமாவும் மட்டும்தான்.

ராமசாமி அண்ணன் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்களோடு பன்றி வேட்டைக் காவலுக்குப் போனவர். மின்னும் துப்பாக்கியில் அவர் சுட்ட ஒரு தோட்டா கறுப்புக்கு நட்டநடுவில் பட்டது. கூட்டம் கைதட்டியது. அவருடைய மகள் பவுனு என் பக்கத்தில் நின்று குதித்தாள். மற்றத் தோட்டாக்கள் மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, காகிதத்துக்கு வெளியே ஒன்று என்று சிதறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. மற்ற இரண்டிலும் கறுப்பில் ஒன்றும் படவில்லை. "இதுதான் தொரை" என்று மின்னும் துப்பாக்கியை அவர் மேசையில் வைத்தார்.

காகிதங்களை மாற்றி ஒட்டினார்கள். பிறகு மாமா. சுடுவதற்கு முன் அவர் ஒவ்வொரு குழலையும் வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். குழலின் வாயை சுண்டுவிரலால் தடவினார். விசையைத் தோட்டா இல்லாமல் மெதுவாக அழுத்தி, எந்த இடத்தில் விடுகிறது என்று பார்த்தார். மேசையில் கலந்து கிடந்த தோட்டாக்களில் ஒரே மாதிரியானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் செய்யக் கூடாது என்றுதானே முன்தினம் அப்பா சொன்னார் என்று நினைத்து நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் துரை மட்டும் மாமாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டிலும் மாமாவின் தோட்டாக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயின. கம்பி சுற்றிய மூன்றாவதில் கறுப்பின் ஓரத்தைக்கூட ஒன்றும் தொடவில்லை. எல்லாமே காகிதத்தின் கீழ் இடது மூலையில் போய் விழுந்தன. கூட்டத்தில் சிரிப்பு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரை தமக்குத் தெரிந்த மலாயில், "மானா பாகூஸ்?" என்று கேட்டார், எது நல்லது என்று அர்த்தம். மாமா கம்பி சுற்றிய துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

நல்லதாக ஒன்று இருக்க, கறுப்பில் படவே படாததைப் போய் ஏன் நீட்டுகிறார்? பயத்தில் மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

துரை எழுந்து பலகை வரைக்கும் நடந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அந்த மூலையில் வைத்துப் பார்த்தார். எல்லாத் துளைகளும் அந்தக் காசுக்குள் அடங்கிவிட்டன. திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று மலாயில் கேட்டார். காட்டுப் பன்றி சுட்டுப் பழகியது என்றார் மாமா. காட்டுப் பன்றியை அந்தச் சுண்டுவிரல் தோட்டாவால் கொல்ல முடியாது என்பது அங்கிருந்த ஆண்கள் எல்லாருக்கும் தெரியும். துரைக்கும் தெரியாமல் இருக்காது. அவர் "காட்டுப் பன்றி" என்று தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கோபமா, சிரிப்பா, எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் மாமாவைப் பிடிக்க வருவார்கள் என்று காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு சிப்பாய் வந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் மாமா ஒரு பொட்டலம் உப்போடு திரும்பி வந்தார். துரையோடு குறி சுட்டுவிட்டு வந்தாராம். துப்பாக்கிக் குழல்மேல் குறி பார்க்க வைத்த குறிமுள் அடிபட்டு விலகியிருந்ததாம். அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததும் எல்லாம் கறுப்புக்குள்ளேயே விழுகிறதாம். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே நடந்தது. சில சமயம் உப்பு, ஒரு தடவை சீனி. அந்தச் சீனியைச் சந்தோஷமாகத் தின்பதா வேண்டாமா என்று தெரியாமல், நாங்கள் பல நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தோம்.

லாரி வந்தது; ராமசாமி அண்ணன் போனார். சில நாள் கழித்து அவர் மனைவி வேலம்மா அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று, சண்டை போடும் குரலில் இல்லாமல், விளங்காத கணக்கைக் கேட்பதுபோல அம்மாவிடம் கேட்டார். "உங்க தம்பிக்கு ஒண்ணுகூட நடுவுல படலயேக்கா. எங்க வீட்டுக்காரருக்குத்தான பட்டுச்சு. அப்புறம் எப்படிக்கா உங்க தம்பிய எடுத்தாங்க?" அம்மா முறத்தில் கிடந்த மரவள்ளிக் கிழங்கில் பாதியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

ஜப்பான்காரன் சரணடைந்ததும் கண்ணாடித் துரை ஒரு காலையில் காணாமல் போனார். ஜப்பான்காரனோடு ஒட்டி இருந்தவர்கள் யார் என்று அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்து இறங்கி வந்தவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். தொண்டர் படையில் இருந்ததை மறைத்த மாமா, இப்போது அதை வெளியே சொன்னால்கூட நம்ப ஆள் இல்லை. உடுத்திய துணியோடு மூவாருக்குப் போய், மேசை நாற்காலி செய்யும் ஒரு தளவாடப் பட்டறையில் மரம் இழைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

பெரியவளான பிறகு ஒருமுறை அவரிடம் கேட்டேன், நீங்கள் யார் என்று துரைக்குத் தெரிந்திருந்ததா என்று. இழைத்துக்கொண்டிருந்த நாற்காலிக் காலை ஓரமாக வைத்தார். "அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியும்கறது அவனுக்குத் தெரியுமான்னுதான் தெரியல. அத்தன ஞாயித்துக்கெழம பக்கத்துப் பக்கத்துல படுத்துச் சுட்டோம். ஒருநாளும் அவன் கேக்கல." ஏன் கேட்கவில்லை என்றேன். "அதத்தான் நானும் இன்னும் யோசிக்கிறேன்" என்றார்.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. பெரட்டு மைதானம் எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் எண்ணெய்க்காக நட்ட செம்பனை வரிசைகளுக்கு நடுவில் எனக்கே திசை தெரியாது. அன்று அங்கே நின்றவர்களில் நானும் பவுனுவும்தான் மிச்சம். நான் பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் பேத்தியோடு காரில் தீபாவளிக்கு வருவாள். போன தீபாவளிக்கு வந்தபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தக் காலையைப் பற்றிப் பேச்சு வந்தது. துப்பாக்கிக்கு அழகு நடுவில் படுவது இல்லை, விட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப விடுவதுதான், கூட்டாக விழுந்தால் குறிமுள்ளைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம், சிதறினால் ஒன்றும் செய்ய முடியாது என்று மாமா சொன்னதையெல்லாம் நான் பொறுமையாக அவளுக்கு விளக்கினேன்.

பவுனு முறுக்கைக் கையில் வைத்தபடியே முழுவதும் கேட்டாள். விளங்கிவிட்டது என்பதுபோலத் தலையையும் ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இருந்தாலும், நடுவுல பட்டது எங்கப்பாவோடதுதானே."

ஆமாம் என்றேன்.