குடியை நிறுத்தப் போன ஆட்டோக்காரன்

ஆட்டோ ஓட்டுகிறவனுக்குத் தெரியாத சாராயத் தவறணை ஹட்டன் வட்டாரத்தில் கிடையாது. மூன்று பேர் ஏறினால், இறங்கும்போது நாலாவது ஆளாக நம்மையும் கூப்பிடுவார்கள். மாட்டேன் என்றால் மரியாதையாக இருக்குமா? அப்படி மரியாதை பார்த்துப் பார்த்தே ஒரு மழை நாளில் மகளை ஸ்கூலிலிருந்து ஏற்றிவந்து, ஆட்டோவோடு ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்தேன். பிள்ளைக்கு நெற்றியில் மூன்று தையல். அன்றிலிருந்து மனைவி சாந்தியும் மகளும் என் ஆட்டோவில் ஏறுவதில்லை. என் கண்ணெதிரே பஸ்ஸுக்குக் கை காட்டுவார்கள். இந்த வலி தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டாளிக்கு ஓர் இடம்

குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்று டவுனில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கே என்று யாரிடம் கேட்பது? ஸ்டாண்டில் வாய் திறந்தால் மாலைக்குள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விடும். கடைசியில் இரும்புக்கடை நடத்தும் முஸ்லிம் நானாவிடம் போய், என் கூட்டாளி ஒருவனுக்கு வேண்டும் என்று இழுத்தேன். அவர் ஆணியை நிறுத்துக்கொண்டே, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மண்டபம், ஞாயிறு பத்து மணி என்றார். தப்பித்தோம் என்று திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

"அந்தக் கூட்டாளிக்கும் ஒங்கள மாதிரியே கை நடுங்குமா தம்பி?"

கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார்

ஞாயிறுதோறும் என் ஆட்டோ சர்ச் வாசலில் நிற்பதைத் தோட்டத்து ஆட்கள் பார்த்துவிட்டார்கள். நான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டதாக லயமெல்லாம் பேச்சு. கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. நான் ஒரு படி மேலே போய், கூட்டம் இருப்பதையே யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் மாரியம்மன் கோயில் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். திருவிழாவிலிருந்து என்னை ஒதுக்கிவைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டேன். மனுசன் என் முகத்தருகே குனிந்து நன்றாக மோந்து பார்த்தார். பிறகு நிம்மதியாக உட்கார்ந்தார்.

"நீ எந்தச் சாமியக் கும்புட்டா என்னப்பா, குடிக்காம இருக்கேல்ல? மாரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பட்டிப்பொலயிலிருந்து ஒருவர்

ரயில் பாதையில் வேலை செய்யும் பண்டார என்ற சிங்கள அண்ணன், மணிக்கணக்கான தூரத்தில் மலை உச்சியிலிருக்கும் பட்டிப்பொலயில் விடியற்காலைக் குளிரில் ரயிலேறி எங்கள் கூட்டத்துக்கு வருவார். ஒரு ஞாயிறு ரயில் தாமதம். நாங்கள் பேசி முடித்து, கோப்பை கழுவி, மண்டபத்தைப் பூட்டிவிட்டோம். அப்போதுதான் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

கூட்டத்தை நடத்துகிற சுந்தரம் அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். உடனே பூட்டைத் திறந்தார், கேத்தலை அடுப்பில் வைத்தார். ஏழு பேரும் மறுபடி உட்கார்ந்து, சொன்ன கதையையே முதலிலிருந்து சொன்னோம். பத்து நிமிசத் தூரத்திலிருந்து வருவதற்கே சாக்குச் சொல்கிற எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பண்டார மட்டும் கம்பீரமாகத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார்:

"கோச்சிதான் லேட்டு. நான் லேட்டு இல்ல!"

அரைப்பேர்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். நாங்கள் குடிக்காத நாட்களுக்கும் சுந்தரம் அண்ணன் அப்படியே பேர் போடுவார். எனக்கு எண்பது நாளைத் தாண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சாவு வீடு. குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் கொடுப்பது எங்கள் வழக்கம். போத்தல்களை என் ஆட்டோவில்தான் ஏற்றினார்கள். ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டேன். பொய் எதற்கு, அரைப் போத்தல்.

ஞாயிற்றுக்கிழமை போய், சாவு நாளன்று சாயங்காலம் நாலு மணி வரை குடிக்காமல்தானே இருந்தேன், அரைப்பேராவது போடுங்கள் என்று பேரம் பேசினேன். சுந்தரம் அண்ணன் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவரே நாலு தடவை ஒன்றிலிருந்து தொடங்கியவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுசனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

"இங்க அரைப்பேரு கெடையாது தம்பி. குந்து, இன்னைக்கு ஒன்னாம் பேரு போடுவோம்."

பஸ் ஹோல்ட்டில்

அன்று வீட்டுக்குப் போய், அரைப் போத்தல் சங்கதியை நானே சாந்தியிடம் சொன்னேன். குடித்ததை நானாக ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மறுநாளும் அவள் பஸ்ஸுக்கே கை காட்டினாள். மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணி, பழைய எண்பதையும் தாண்டினேன்.

ஒரு தூறல் காலையில் சாந்தியும் மகளும் பஸ்ஸுக்காக ஹோல்ட்டில் நின்றார்கள். வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆட்டோவை மெதுவாக்கினேன். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. பஸ்ஸுக்கு நீட்டிய கையைச் சாந்தி கீழே இறக்கினாள். முதலில் அவள் என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மகளைக் கைபிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஸ்கூலுக்குப் போங்க. வழியில எவன் கை காட்டுனாலும் நிப்பாட்டாதீங்க."

இந்த மலை ரோட்டில் நான் இவ்வளவு பயந்து பயந்து ஓட்டிய ஹயர் சவாரி வேறு கிடையாது.