கூப்பிட்டும் வராத டைகர்

கணவர் சுரங்கத்துக்கு ஷிப்ட் போய்விட்டால், நெய்வேலி குவார்ட்டர்ஸில் நானும் எங்கள் நாய் டைகரும்தான். மகன் கோவையில் வேலை பார்க்கிறான்.

டைகர் கேட்டைத் தாண்டி ஓடும். திரும்பி வந்ததும் இரண்டு அடி போடுவேன். ஒரு நாள் அது ரோட்டில் நிற்கும்போது லாரி வருவதைப் பார்த்துப் பதறிக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அது எதிர்ப்பக்கம் பாய்ந்து, மயிரிழையில் தப்பியது.

“ஓடனதுக்கு நீங்க அடிக்கிறீங்க. வந்ததுக்கு அடின்னு அது நெனச்சிக்கினு இருக்குக்கா, எப்டி வரும்?” என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

எனக்குச் சுருக்கென்றது. மகன் எப்போதாவது போன் செய்தால், “இப்பதான் அம்மா ஞாபகம் வந்துச்சா?” என்றுதான் ஆரம்பிப்பேன்.

இனி அப்படிக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். டைகர் திரும்பி வந்தால் பிஸ்கட் தருகிறேன். கூப்பிட்டதும் ஓடி வருகிறது.

மகனுடைய போன்தான் இன்னும் வரவில்லை.