கடைசி சீட்டிலிருந்து வந்த சில்லறை

மேலூர் – கொட்டாம்பட்டி டவுன் பஸ் நடத்துநர் லூர்துராஜ், வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒரு மெமோகூட வாங்காதவர். அந்தப் பெருமையோடு ஓய்வுபெற வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் இலட்சியம். அன்றைக்குப் போட வேண்டிய மாலைக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டார்.

கூட்டம் நெரிந்தால் நம் பஸ்களில் காசு கைமாறிக் கைமாறி நடத்துநரிடம் வரும். டிக்கெட் அதே கைகளின் வழியே திரும்பிப் போகும். நடுவில் யாரும் ஒரு ரூபாய் எடுத்ததில்லை. நாட்டில் ஒழுங்காக நடக்கும் காரியம் இது ஒன்றுதான்.

ஒரு சித்திரை மதியம், பஸ்ஸின் கம்பியே சுட்டுக்கொண்டிருக்க, அப்படி ஒரு பத்து ரூபாய் நாணயம் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் ஈரம், ஜில்லிப்பு.

"அண்ணே, கொட்டாம்பட்டி ஒண்ணு" என்றது ஒரு பெண் குரல்.

பழக்கதோஷம் போலும் என்று, இலவச டிக்கெட்டோடு நாணயத்தையும் திருப்பியனுப்பினார். டிக்கெட் போனது, நாணயம் மட்டும் திரும்பி வந்தது.

"யாரு தாயி குடுத்தது?"

கடைசி சீட்டு அழகம்மாள், "எனக்குப் பின்னாடியிருந்து குடுத்தாகண்ணே" என்றாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிதான் இருந்தது.

தினமும் வந்தது. கோயில் உண்டியலில் போட்டாலும் மறுநாள் பைக்குள் ஈரத்தோடு கிடந்தது. பையில் காசு குறைந்தால் திருட்டு, கூடினால் பெரிய திருட்டு என்பது துறையின் தத்துவம்.

"நாளைக்குச் செக்கிங்காம்ணே. மாலை எனக்குத்தான் மிஞ்சும் போல" என்றான் டிரைவர் காளை.

"வாயக் கழுவுடா மாப்ள!"

கொட்டாம்பட்டியில் எல்லோரும் இறங்கியபின், காலியான கடைசி சீட்டில் நாணயங்களைப் பரப்பினார். "தாயி, எடுத்துக்கங்க. லேடீசுக்கு இப்ப டவுன் பஸ் ஃப்ரீ."

காலி சீட்டிலிருந்து அதே பெண் குரல் கேட்டது.

"எப்பருந்துண்ணே?"

"கொரோனா வருசத்துலருந்து."

"அதான் தெரியல. அதுக்கு முந்துன வருசமே நான் போய்ச் சேந்துட்டேன்."

நாணயங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மறுநாள் செக்கர் பையை எண்ணினார். சரியாக இருந்தது. லூர்துராஜ் மூச்சுவிட்டார். பஸ்ஸில் அழகம்மாளைத் தவிர ஆளில்லை.

"அண்ணே!" என்றது பின்னாலிருந்து அதே குரல். "ஃப்ரீன்னு சொன்னதும் எங்காளுக அம்புட்டுப் பேரும் கெளம்பிட்டாக. கொட்டாம்பட்டி நாப்பது குடுங்க."

இல்லாத ஆளுக்கு டிக்கெட் கொடுத்தால் மெமோ. பெண் பயணிக்கு மறுத்தாலும் மெமோ. லூர்துராஜ் செக்கரைப் பார்த்தார்.

செக்கரின் சட்டை தோளோரம் நனைந்துகொண்டிருந்தது. யாரோ நெருக்கியதுபோல் அவர் ஜன்னலோரம் ஒதுங்கினார்.

"குடுத்துருங்க லூர்துராஜ்" என்றார். "கூட்டமா இருக்குல்ல."