தூக்குச்சட்டி வைக்க ஒரு கல்

என் மகள் ஆர்க்கிடெக்ட் படித்தவள். ஊரில் எல்லோரிடமும் அவள் பங்களா கட்டுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் முதலில் கட்டியது, கோம்பையில் நாங்கள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் இடத்தில் பெண்களுக்கான கழிப்பறை.

திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாள். "கக்கூஸ் கட்டவா ஆத்தா அஞ்சு வருசம் படிச்ச?" என்று கேட்டுவிட்டேன். போகவும் இல்லை.

மறுவாரம் ஜீப் வர நேரமானதால் அவசரத்துக்கு உள்ளே போனேன். கையில் தூக்குச்சட்டி. கீழே வைக்க மனமில்லாமல் பார்த்தால், கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு கல்பலகை. சின்னப் பிள்ளையில் லீவு நாளில் மகள் என்னோடு தோட்டத்துக்கு வருவாள். நான் புதர் மறைவுக்குப் போனால், என் சட்டியைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பாள்.

வெளியே, என்னோடு வேலைக்கு வரும் பேச்சியக்கா நின்றாள்.

"நம்மள மாதிரி சட்டி தூக்குனவதான்டி இதைக் கட்டியிருப்பா."

"என் மகதான்க்கா கட்டுனா."

"பங்களால்ல கட்டுறான்னு சொன்ன?"

"பொய்க்கா."

"கூறுகெட்டவளே! பங்களாவுக்குள்ள நம்மள விடுவாகளா?"

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன்.

"சட்டி வைக்க இடம் விட்டிருக்கயே ஆத்தா."

"போனியாம்மா?" என்றாள்.

விழா அன்றைக்கே நான் போயிருக்க வேண்டும்.