கட்டிலிலிருந்து எடுத்த பாடம்

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். இத்தனை வருட வேலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்குச் சில விஷயங்கள் உண்டு. அவற்றில் முதலாவது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றியது.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் மடுகரை சாலையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. மாதக்கணக்கில் எழுந்து நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது கரும்பு வெட்டு முடிந்து அப்பா அப்போதுதான் வந்திருந்தார். கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அம்மாதான் பேசினார்.

"இன்னா டீச்சர் பண்றது? இந்த வருசம் போனா போவட்டும். வூட்டோட இருக்கட்டும். அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

அந்த 'பார்த்துக்கலாம்' எனக்குத் தெரிந்த வார்த்தை. படிப்பு நின்று போன பெண்பிள்ளைகள் பலபேர் அந்த வார்த்தைக்குப் பின்னால்தான் நின்று போனார்கள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் பாடக்குறிப்புகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம்தான் பதிலாக வந்தது. ஒருநாள் போன் செய்து கேட்டபோதுதான் உண்மை வந்தது. "ஒண்ணுமே புரியல டீச்சர். எல்லாம் இங்கிலீஷ்ல கீது. நீங்க வகுப்புல தமிழ்ல சொல்லுவீங்க இல்ல, அது இல்லாம சும்மா எழுத்தத்தான் பார்க்குறேன்."

வகுப்பை அப்படியே வீடியோவில் அவளுக்குக் காட்டலாமா என்று மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். வகுப்பில் போன் கூடாது என்பது பள்ளியின் விதி. அவர், "உங்க போன் மட்டும். பசங்க கையில ஒண்ணு கூட பார்க்கக்கூடாது," என்றார். அது போதும் எனக்கு.

ஆய்வகத்தில் குடுவையைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி ஒன்று உண்டு. அதில் என் போனை இறுக்கி, அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்தோம். வீடியோ மீட்டிங்கின் அந்தப் பக்கம் அவள் அப்பாவின் போன். பகலெல்லாம் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு அவர் வயலுக்குப் போனார். அவரைத் தேடி யாராவது வந்தால் வரப்பில் நின்று கத்திக் கூப்பிட வேண்டியதுதான்.

முதல் நாள் வருகை எடுக்கும்போது போனிலிருந்து "யெஸ் டீச்சர்" என்று சத்தம் வந்ததும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அதே குரல் மறுபடி வந்தது.

"டீச்சர், உங்க முதுகுதான் தெரியுது."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டு கரும்பலகை பளபளத்தது. நான் நகர்ந்தால் குரல் கேட்கவில்லை. சிக்னல் போய்ப் போய் வந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். அவள்தான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, நான் எழுதுவதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். "டீச்சர் ஒரு வட்டம் போட்டிருக்காங்கடி. நடுவுல சின்னதா இன்னொரு வட்டம். அதான் நியூக்ளியஸ்." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவருக்குச் சொல்ல வேண்டுமானால் முதலில் தனக்குப் புரிய வேண்டும் அல்லவா? இரண்டு வாரத்தில் அந்தப் பெண் என்னையே நிறுத்திக் கேள்வி கேட்டாள். "டீச்சர், அது ஏன்னு சொல்லாம போறீங்க. அவளுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

பிறகு வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்க்கும் பாடம் வந்தது. எங்களிடம் நன்றாக இருக்கும் நுண்ணோக்கி ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் வகுப்பே வரிசையில் நிற்கும். கண்ணை வைப்பதற்குள் பின்னால் இருப்பவன் இடிப்பான். பாதிப்பேர் தங்கள் கண்ணிமை மயிரைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு அவளுக்கும் காட்ட வேண்டுமே என்று போனின் கேமராவை நுண்ணோக்கியில் கண் வைக்கும் வில்லைமேல் வைத்துப் பார்த்தோம். வெறும் இருட்டு. கொஞ்சம் நகர்த்தினால் வெள்ளை. பக்கத்து இருக்கைப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு போனைத் துளித்துளியாக நகர்த்தினாள்.

"நிறுத்துடி! ஆட்டாத!" என்று போனிலிருந்து அலறல். "தெரியுது டீச்சர்! செங்கல்லு அடுக்கின மாதிரி வரிசையா கீது!"

"எங்க, எங்க" என்று எல்லோரும் முண்டினார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அறையின் மூலையில் ஸ்மார்ட் போர்டு இருந்தது. வீடியோ போடுவதற்கு மட்டும்தான் அதைத் தொடுவோம். கணக்கு டீச்சரின் போனிலிருந்து நெட்டை வாங்கி, அவள் இருந்த மீட்டிங்கிலேயே அதையும் சேர்த்தேன். கீச்சென்று ஒரு சத்தம். போர்டின் ஒலியை நிறுத்தினேன். அடுத்த நிமிடம் சுவரகலத்துக்கு வெங்காயத்தின் செல்கள் விரிந்தன.

வகுப்பு போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் ஓடி வந்தார். திட்டத்தான் வந்திருப்பார். போர்டைப் பார்த்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "நாங்க படிச்சப்ப இதைப் புத்தகத்துல படமாத்தான் பார்த்தோம்," என்றார்.

வர முடியாத ஒருத்திக்காகச் செய்தது வந்த எல்லோருக்கும் கிடைத்தது. அன்று மாலை வண்டியில் வீட்டுக்குப் போகும்போது ஆற்றுப் பாலத்து நெரிசல் கூட எனக்கு உறைக்கவில்லை.

திசுக்கள் பாடத்துக்கு வந்தபோது, எலும்பைப் பற்றி நான் நடத்த வேண்டிய நாளில், "டீச்சர், இத நான் நடத்தட்டுமா?" என்று அவளே கேட்டாள். ஸ்மார்ட் போர்டில் அவள் முகம் வந்தது. தலை வாரி, பூ வைத்து, சீருடைச் சட்டை போட்டிருந்தாள். கட்டிலுக்குப் பின்னால் ஜன்னல். வயலுக்குப் போகாமல் அன்றைக்கு அப்பா அங்கே நின்றிருந்தார், கையில் இரண்டு எக்ஸ்ரே படங்களோடு.

"அப்பா, மொதல்ல பழசு," என்றாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தார். முறிந்த எலும்பு, கத்தியால் வெட்டியது போலச் சரிந்து தெரிந்தது.

"இது நான் வுழுந்த அன்னிக்கு எடுத்தது. இடைவெளி தெரியுதா? இப்ப புதுசு காட்டுப்பா. பாருங்க, உடைஞ்ச எடத்த சுத்தி பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்குதுல்ல, அது புதுசா வளர்ற எலும்பு. பேரு காலஸ்."

ஒரு பையன் எழுந்தான். "எலும்புக்கு உசுரு கீதா இன்னா?"

"உசுரு இல்லன்னா எப்படிடா ஒட்டும்? அதுக்குள்ள ரத்தம் போவுது. செல்லு இருக்குது. வெங்காயத்துல பார்த்தோமே, அது செடியோட செல்லு, சுவர் இருக்கும். இதுக்குச் சுவர் கெடையாது. சுத்தி கால்சியம் இருக்கறதாலதான் கெட்டியா இருக்குது. டாக்டர்கிட்ட கேட்டுத்தான் சொல்றேன்."

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடத் தெளிவாக நான் நடத்தியிருக்க மாட்டேன். முடித்ததும் வகுப்பு கை தட்டியது. படத்தை இறக்காமல் நின்றிருந்த அப்பா, "சரியா சொல்லுதா டீச்சர் புள்ள?" என்று கேட்டார்.

"நூத்துக்கு நூறு," என்றேன்.

போர்டில் அவருக்குச் சற்றுத் தள்ளி வாசற்படியில் அம்மா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "வர்ற வருசம் பத்தாவதுக்கு இன்னா இன்னா வாங்கணும் டீச்சர்?" என்று கேட்டார்.

கல்வியாண்டு முடியும் மாதங்களில் ஊன்றுகோலோடு வந்தாள். தேர்வை எல்லோரோடும் உட்கார்ந்து எழுதினாள். பத்தாவதிலும் நல்ல மதிப்பெண். இப்போது பதினொன்றாம் வகுப்பில், வேறு பள்ளியில், உயிரியல் பிரிவு. வாயே திறக்காத அந்தப் பெண்ணும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். போன மாதம் அங்கே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதாகச் செய்தி அனுப்பியிருந்தாள்.

இந்த வருடம் என் வகுப்பில் ஒருவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. திங்கள்கிழமை காலை நான் உள்ளே நுழைவதற்குள் பிள்ளைகள் அவன் இடத்தில் தாங்கியைத் தயாராக வைத்திருந்தார்கள். "டீச்சர், போனக் குடுங்க. அவன் வூட்டுல காத்துக்கினு இருக்கான்," என்று முன்பெஞ்சுப் பெண் கையை நீட்டினாள்.